சொந்தமாக மில்லிங் மெஷின் வாங்க முன்: சிர்கோனியாவோடு நான் பட்ட பாடு

வெள்ளவத்தையில் சின்னதாக ஒரு டென்டல் லாப் நடத்துகிறேன். பல் வைத்தியர்கள் அளவெடுத்து அனுப்பும் பற்களுக்கு கிரவுண் (பல்லின் மேல் போடும் உறை), பிரிட்ஜ் (இல்லாத பல்லின் இடத்தை நிரப்பப் பக்கத்துப் பற்களோடு சேர்த்துப் பொருத்தும் தொடர்) செய்து கொடுப்பது தொழில். 2024 நடுப்பகுதியில் சிர்கோனியா வெட்டும் மில்லிங் மெஷின் ஒன்றைச் சொந்தமாக எடுத்தேன். அதற்குப் பிறகு வந்த மாதங்களில், மெஷினின் விலை போக, ஏறத்தாழ 18 இலட்சம் ரூபாய் கையை விட்டுப் போனது. நித்திரை போனது, வருடக்கணக்காக வேலை தந்த டொக்டர்மாரின் நம்பிக்கையும் போனது. எனக்கு முன் இந்த வழியால் போன யாராவது ஒரு பின்னேரம் உட்கார்ந்து கதைத்திருந்தால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். ஆனால் எங்கள் தொழிலில் பட்டதை வெளியில் சொல்ல எல்லோருக்கும் தயக்கம். லாப்பில் பிரச்சினை என்று தெரிந்தால் வேலை வராது என்ற பயம். இப்போது கொட்டாஞ்சேனையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் தொழில் நண்பர்கள் போன் எடுத்து, "மெஷின் எடுக்கப் போறன், என்ன நினைக்கிறீங்கள்?" என்று கேட்கிறார்கள். போனில் பத்து நிமிடத்தில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை இது. அதனால் எழுதுகிறேன்.

தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். சிர்கோனியா என்பது சிர்கோனியம் ஒட்சைட்டு. அது தனியாக இருந்தால், சூட்டிலிருந்து ஆறும்போது அதன் பளிங்கமைப்பு மாறி, கனவளவு கூடி, தானாகவே வெடித்துவிடும். அதைத் தடுக்கத்தான் சிறிதளவு யிட்ரியா, அதாவது யிட்ரியம் ஒட்சைட்டு, சேர்க்கிறார்கள். எங்கள் கைக்கு அது 98 மில்லிமீற்றர் விட்டமுள்ள வெள்ளை டிஸ்க்காக வருகிறது. அரைகுறையாகச் சுட்ட நிலை, சோக்குக் கட்டி மாதிரி இருக்கும். நகத்தால் கீறினாலே தூள் வரும். அந்த நிலையில் மெஷினில் வெட்டி, பிறகு உலையில் 1500 பாகை செல்சியஸுக்கு அண்மையில் மணிக்கணக்காகச் சுடவேண்டும். அப்போது நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கி இறுகும். இவ்வளவு சுருங்கும் என்று தெரிந்துகொண்டே முதலில் பெரிதாக வெட்டுகிறோம். எவ்வளவு பெரிதாக என்பது ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் 1.24 போன்ற ஒரு எண்ணாக அச்சிட்டிருக்கும். சாதாரண மில்லிமீற்றர் கணக்கு போதாது. கிரவுணுக்கும் பல்லுக்கும் இடையில் நாங்கள் விடும் இடைவெளி சில பத்து மைக்ரோன்தான், ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். 1789இல் கிளாப்ரோத் என்ற ஜேர்மன் இரசாயனவியலாளர் சிர்கோனியத்தைக் கண்டறிந்தது இலங்கையிலிருந்து போன ஒரு கல்லில். நாங்கள் மாத்தறை வைரம் என்று சொல்லும் கல்லும் சிர்கோன்தான். புல்மோட்டை மணலிலும் அது இருக்கிறது. எங்கள் நாட்டுக் கல்லிலிருந்து தொடங்கிய பொருளை, வெளிநாட்டிலிருந்து டொலர் கொடுத்து டிஸ்க்காக வாங்குகிறோம். டிஸ்க் பெட்டியை உடைக்கும்போதெல்லாம் எனக்கு இது மனதில் வரும்.

மெஷினுக்கு முன்பு, என் லாப்பில் ஸ்கேன் பண்ணி, டிசைன் செய்து, அந்தக் கணினிக் கோப்பை ஒரு மில்லிங் சென்டருக்கு அனுப்புவேன். ஒரு யூனிட்டுக்கு, அதாவது ஒரு பல்லுக்கு, ஏழாயிரம் அளவில் போகும். வேலை கூடக் கூட அந்தக் காசு கண்ணை உறுத்தத் தொடங்கியது. அதோடு அவர்கள் பெரிய லாப்களின் வேலையை முதலில் வெட்டிவிட்டு எங்களுடையதைப் பிறகுதான் எடுப்பார்கள். அந்த நேரம் பார்த்து, பாவித்த, ஐந்து அச்சில் அசைந்து வெட்டும் மெஷின் ஒன்று, உலையும் சேர்த்து, 58 இலட்சத்துக்கு வந்தது. விற்றவர் வெளிநாட்டிலிருந்து பழைய லாப் சாமான்களை இறக்குபவர். லீசிங்கில் பாதி, மனைவியின் நகையை வங்கியில் அடகு வைத்து மீதி. விற்றவர் தன் இடத்தில் எனக்கு முன்னால் ஒரு கடைவாய்ப் பல் கிரவுணை வெட்டிக் காட்டினார். அழகாக வந்தது. வெட்டிய கிரவுணைத்தான் காட்டினார், சுட்ட கிரவுணை அல்ல. சுடுவதற்கு இரவு முழுக்க ஆகும் என்று சொன்னார். அது உண்மைதான். ஆனாலும் வெட்டியதை மட்டும் பார்த்து மெஷின் வாங்குவது, பாதி வேலையைப் பார்த்து முழுக் காசு கொடுப்பதுதான்.

பாவித்த மெஷின் எடுப்பவர்கள் முதலில் பார்க்கவேண்டியது ஸ்பிண்டில், அதாவது வெட்டும் ஊசியான பர்ரைப் பிடித்துச் சுழற்றும் தண்டு, ஓடிய மணித்தியாலம். மெஷினின் சேர்விஸ் பக்கத்தில் அது பதிவாகியிருக்கும். விற்பவர் வாயால் சொல்வதை எடுக்கவேண்டாம், திரையில் காட்டச் சொல்லிப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிண்டில் போனால் மாற்றுவதற்கு இலட்சக்கணக்கில் கேட்பார்கள், சாமான் கொழும்பில் இருக்காது. இரண்டாவது, வெட்டும் பாதையைக் கணக்கிடும் மென்பொருளின் உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்பது. என் மெஷினோடு வந்த டொங்கிள், அதாவது கணினியில் செருகும் உரிமச் சாவி, வெளிநாட்டில் இருந்த பழைய சொந்தக்காரரின் பெயரில் இருந்தது. ஓடியது, ஆனால் புதுப்பிக்கும் நாள் வந்ததும் பூட்டிக்கொண்டது. பெயர் மாற்ற விற்றவரின் கடிதம் தேவைப்பட்டது. அவர் போன் எடுப்பதைக் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. கடைசியில் புது உரிமமே வாங்கவேண்டி வந்தது. மூன்றாவது, மெஷினை அளவு சரிபார்க்கும் கருவிகள், அதாவது கலிபரேஷன் ஊசியும் கட்டைகளும், பெட்டியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். எனக்கு வந்த பெட்டியில் அவற்றுக்கான குழி மட்டும் இருந்தது.

மெஷின் லாப்புக்கு வந்து முதலில் கழுத்தைப் பிடித்தது காற்று. கொம்பிரசர் காற்றில்தான் ஸ்பிண்டில் பர்ரை மாற்றுகிறது. வெட்டும் இடத்தில் தூளை ஊதித் தள்ளுவதும் அதே காற்று. ஸ்பிண்டிலுக்குள் தூள் போகாமல் காப்பதும் அதுதான். கொழும்பின் ஈரம் தெரியும்தானே. எங்கள் லாப் மரைன் டிரைவ் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது. கடற்காற்றில் யன்னல் கொளுக்கியே ஒரு வருடத்தில் துருப்பிடிக்கும். கொம்பிரசர் அந்தக் காற்றை இழுத்து அழுத்தும்போது ஈரம் தண்ணீராகத் தாங்கிக்குள் இறங்கும், பிறகு குழாய் வழியே மெஷினுக்குப் போகும். ஒரு நாள் காலை மூடியைத் திறந்தால், டிஸ்க் பிடிக்கும் வளையத்தைச் சுற்றித் தூள் களிமண்ணாகக் குழைந்து ஒட்டியிருந்தது. தொட்டால் விரல் ஈரம். பர் மாற்றும் இடத்திலும் அதே பசை. பர் ஒரு நூலளவு சாய்ந்து பிடிபட்டு, கிரவுணின் விளிம்பு பல்லுப் பல்லாக உடைந்து வந்திருந்தது. விளிம்பு உடைகிறது என்று நான் பர்ரை மாற்றினேன், டிஸ்க்கை மாற்றினேன். ஒரு நல்ல டிஸ்க்கில் பாதி வீணாகப் போனது. கடைசியில் கொம்பிரசர் திருத்தும் பாஸ் ஒருவர் வந்து, தாங்கியின் அடித் திருகைத் திறந்தார். ஒரு போத்தல் அளவு தண்ணீர், எண்ணெய் கலந்து, பீச்சிக்கொண்டு வந்தது.

எண்ணெய் இல்லாத கொம்பிரசர்தான் வேண்டும். சாதாரண பெயின்ட் அடிக்கும் கொம்பிரசரை வைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்கவேண்டாம், எண்ணெய் ஆவி டிஸ்க்கில் படிந்தால் சுடும்போது கறையாக நிற்கும். குளிரவைத்து ஈரத்தைப் பிரிக்கும் ட்ரையர் ஒன்றும், அதற்குப் பிறகு நுண்ணிய ஃபில்டரும் கட்டாயம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும் கண்ணாடிக் கிண்ண ஃபில்டர் மட்டும் போட்டால் எங்கள் காலநிலைக்குப் போதாது. தாங்கித் தண்ணீரை நாளாந்தம் இறக்கவேண்டும். இந்தச் சாமான்கள் எல்லாம் சேர்ந்து எனக்கு ஐந்து இலட்சத்துக்கு மேல் ஆனது. மெஷின் விலையில் இவை எதுவும் இல்லை, விற்றவரின் விலைப்பட்டியலில் "காற்று வசதி வாங்குபவர் பொறுப்பு" என்று ஒரு வரி மட்டும் இருந்தது.

காற்று சரியானதும் விளிம்பு சுத்தமாக வரத் தொடங்கியது. நிம்மதியாக இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய அடி.

கிரவுண்கள் லூசாக இருந்தன. பல்லின் மாதிரியான மாடலில் வைத்தால் உட்காரும், ஆனால் விரலால் தட்டினால் ஒரு சின்ன ஆட்டம் தெரியும். எக்ஸ்ப்ளோரர் ஊசியை விளிம்போடு இழுத்தால் முனை ஒரு இடத்தில் தடுக்கும், கிரவுண் பல்லைவிட வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். தனிக் கிரவுண் என்றால் சிமெந்து பிடித்துக்கொள்ளும் என்று சில டொக்டர்மார் ஏற்றுக்கொண்டார்கள். எனக்கு அது மனதுக்கு ஒவ்வவில்லை, பெரும்பாலானவற்றைத் திரும்பச் செய்தேன். பிரிட்ஜ் என்று வந்தபோது அப்படித் தப்ப வழியில்லை. பம்பலப்பிட்டியில் ஒரு டொக்டர், நெடுங்காலமாக என்னிடம் மட்டும் வேலை கொடுப்பவர், நான்கு யூனிட் பிரிட்ஜ் ஒன்றைப் பொருத்தப் பார்த்துவிட்டு அங்கிருந்தே போன் எடுத்தார். "தம்பி, ஒரு பக்கம் இருத்தினா மற்றப் பக்கம் எழும்புது. பேஷன்ட் கதிரையில இருக்கிறா. நான் இப்ப அவவுக்கு என்ன சொல்றது?" அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அந்தப் பேஷன்ட் மகளின் கல்யாணத்துக்கு முன் பல் போட வந்தவர் என்று பிறகு தெரிந்தது. அந்த இரவு முழுக்க நான் லாப்பிலேயே இருந்தேன். மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. லீசிங் நாளும், அடகு வட்டியும், அந்தப் பிரிட்ஜும் மாறி மாறித் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தன.

விற்றவரிடம் கேட்டால், "மெஷினில ஒரு பிழையும் இல்ல அண்ணா, உங்கட ஸ்கேனர்தான் சரியில்ல" என்றார். டிஸ்க் கொடுத்தவரிடம் கேட்டால் மெஷின் என்றார். இப்படி ஆளுக்கு ஆள் கைகாட்டும்போது உங்களிடம் பதில் இருக்கவேண்டும். எனக்கு அந்தப் பதிலைத் தேடும் வழியைச் சொல்லித் தந்தவர் தெஹிவளையில் லாப் வைத்திருக்கும், என்னைவிட மூத்த ஒரு தொழில்காரர். "தம்பி, எல்லாத்தையும் ஒரே நேரத்தில மாத்தாத. ஒண்ட மட்டும் மாத்து, மற்றதை அப்படியே விடு" என்றார். முதலில், லூசாக வந்த அதே கோப்பைப் பழைய மில்லிங் சென்டருக்கு அனுப்பி வெட்டிச் சுட்டு எடுத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. அப்படியென்றால் ஸ்கேனரும் டிசைனும் சரி. அடுத்து, என் மெஷினில் வெட்டி, சுடாமல் ஒரு டப்பாவில் பஞ்சு வைத்து, தெஹிவளைக்கு எடுத்துப்போய் அவருடைய உலையில் சுட்டோம். அதுவும் கச்சிதமாக உட்கார்ந்தது. மெஷினும் சரி. மிஞ்சியது என் உலை.

அந்த வாரங்கள் முழுக்க நான் சந்தேகப்படாத ஒரே சாமான் அதுதான். திரையில் 1500 என்று காட்டும், பிறகு இறங்கும், கிரவுண் கல்லு மாதிரி வரும். வேறு என்ன பார்ப்பது?

பார்க்கவேண்டியதை இப்போது சொல்கிறேன், இந்த எழுத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வையுங்கள். டிசைன் மென்பொருளில் 20 மில்லிமீற்றர் கனசதுரக் கட்டை ஒன்று வரையுங்கள். வேலை வெட்டுவது போலவே டிஸ்க்கில் வெட்டுங்கள், டிஸ்க்கோடு பிடித்து நிற்கும் காம்புகளைத் தேய்த்து விடுங்கள், சுடுங்கள். ஆறியதும் நல்ல டிஜிட்டல் வேர்னியரால் மூன்று பக்கமும் அளந்து பாருங்கள். மூன்று பக்கமும் ஒரே விகிதத்தில் கூடியோ குறைந்தோ இருந்தால் உலை, அல்லது மென்பொருளில் போட்ட சுருக்க எண் பிழை. ஒரு பக்கம் மட்டும் பிழையாக வந்தால் மெஷினின் அந்த அச்சில் பிழை. கட்டை சரியாக இருந்து கிரவுணின் உட்பக்கம் மட்டும் இறுகினால், பெரும்பாலும் தேய்ந்த பர். தேய்ந்த பர் மெல்லியது, வெட்டவேண்டியதை வெட்டாமல் விடும். என் கட்டை மூன்று பக்கமும் 20.16 அளவில் வந்தது. நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. ஆனால் 30 மில்லிமீற்றர் நீளப் பிரிட்ஜில் அது கால் மில்லிமீற்றர். பிரிட்ஜ் ஆடியது ஏன் என்பதற்கு அதுவே கணக்கு.

போதிய சூடு இல்லாமல் சுட்டால் முழுமையாகச் சுருங்காது, அதனால் பெரிதாக நிற்கும். உறுதியும் குறையும், ஒளி ஊடுருவாமல் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரியும். சில டொக்டர்மார் "நிறம் கொஞ்சம் செத்த மாதிரி இருக்கு" என்று முன்பே சொல்லியிருந்தார்கள், அதுவும் இதே வியாதிதான். உலைக்குள் எவ்வளவு சூடு உண்மையில் போகிறது என்று அறிய, பி.டி.சி. வளையம் என்று செராமிக் வளையங்கள் விற்கிறார்கள். வேலையோடு சேர்த்துச் சுட்டு, ஆறியதும் அதன் விட்டத்தை மைக்ரோமீற்றரால் அளந்து அட்டவணையில் பார்த்தால் வெப்பநிலை தெரியும். உங்கள் வெப்பநிலைக்கு ஏற்ற வகையைப் பார்த்து வாங்கவேண்டும். என் உலை திரையில் காட்டியதைவிட நூறு பாகைக்கு மேல் குறைவாகத்தான் சுட்டுக்கொண்டிருந்தது. உலையைத் திறந்து பார்த்தபோது வெப்பத்தை அளக்கும் தேர்மோகப்பிளின் முனை வழியில் எங்கேயோ அடிபட்டு, சூடாகும் கம்பியின் பக்கம் நகர்ந்திருந்தது. கம்பிக்குப் பக்கத்து வெப்பத்தை அளந்துகொண்டு, கிரவுண் இருக்கும் தட்டை மறந்திருந்தது. சரிசெய்ய ஆன காசு பெரிதல்ல. அதைக் கண்டுபிடிக்கும்வரை திரும்பச் செய்த வேலை, வீணான டிஸ்க், டொக்டர்மாரிடம் வாங்காமல் விட்ட பில், எல்லாம் சேர்ந்து எட்டு இலட்சத்தைத் தாண்டியது. இப்போது மாதமொருமுறையும், உலையை அசைத்தாலும், புது வகை டிஸ்க் தொடங்கினாலும் வளையமும் கட்டையும் கட்டாயம். பம்பலப்பிட்டி டொக்டரிடம் கட்டையையும் அளவுகளையும் கொண்டுபோய் காட்டினேன். அந்தப் பேஷன்டுக்குக் காசு வாங்காமல் பிரிட்ஜ் செய்து கொடுத்தேன், கல்யாணத்துக்கு முன் பொருத்தியாயிற்று. அந்த டொக்டர் இப்போது திரும்ப வேலை அனுப்புகிறார். இன்னொருவர் வரவில்லை. அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

டிஸ்க் பற்றி இரண்டு விஷயம். சுருக்க எண் வகைக்கு வகை மட்டுமல்ல, தொகுதிக்குத் தொகுதி மாறும். சில கம்பனிகள் அகலத்துக்கு ஒரு எண், உயரத்துக்கு வேறு எண் போடுவார்கள். டிஸ்க்கைப் பாதி வெட்டி எடுத்து வைத்து, பிறகு பெட்டி மாறிவிட்டால் தொலைந்தது. டிஸ்க்கின் ஓரத்திலேயே தொகுதி இலக்கத்தையும் எண்ணையும் பென்சிலால் எழுதுங்கள். மற்றது, அழகுக்காக வரும் ஒளி ஊடுருவும் டிஸ்க்கில் யிட்ரியா கூட, உறுதி குறைவு. பல் செராமிக்குக்கான ஐ.எஸ்.ஓ. 6872 தரப்படி நான்கு யூனிட்டும் அதற்கு மேலும் உள்ள பிரிட்ஜுக்கு 800 மெகாபாஸ்கல் உறுதி வேண்டும், எல்லா டிஸ்க்கும் அதை எட்டாது. டொக்டர் "நல்ல அழகா வேணும்" என்று கேட்டாலும், நீளப் பிரிட்ஜுக்கு எது பொருந்தும் என்று முதலிலேயே பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது. பில் இல்லாமல், பெட்டி இல்லாமல் மலிவாக வரும் டிஸ்க்கைத் தொடவேண்டாம். அது ஒருவரின் வாய்க்குள் வருடக்கணக்காக இருக்கப்போகும் சாமான்.

பிறகு கரண்ட். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் நாடு முழுக்க இருட்டானது என்று மின்சக்தி அமைச்சர் சொன்ன நாள். முற்பகல் பதினொரு மணியளவில் போனது. என் உலை அதிகாலையில் தொடங்கி உச்ச வெப்பத்தில் நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஒரு நீளப் பிரிட்ஜும் சில தனிக் கிரவுண்களும். மெஷினுக்கும் கணினிக்கும் யூ.பி.எஸ். வைத்திருந்தேன், உலைக்கு இல்லை. அது இழுக்கும் மின்சாரத்துக்குச் சாதாரண யூ.பி.எஸ். தாங்காது. கதவைத் திறந்தால் குளிர்காற்று பட்டு எல்லாம் வெடிக்கும், திறக்காவிட்டால் தன் பாட்டில் ஆறும். இரண்டில் எது நல்லது என்று தெரியாமல் அந்த உலைக்கு முன்னால் நின்ற நேரம் மிகவும் நீளமாக இருந்தது. திறக்கவில்லை. கரண்ட் வந்து, முழுக்க ஆறி, எடுத்துப் பார்த்தால் பிரிட்ஜின் நடுப் பல்லில் மயிரளவு வெடிப்பு. டோர்ச் வெளிச்சத்தைப் பின்னால் பிடித்தபோதுதான் தெரிந்தது. தனிக் கிரவுண்கள் பார்வைக்கு நன்றாக இருந்தன. ஆனால் எவ்வளவு நேரம் எந்தச் சூட்டில் நின்றன என்று எனக்கே தெரியாத ஒன்றை ஒருவரின் வாயில் வைக்கக் கொடுக்க முடியாது. எல்லாவற்றையும் திரும்ப வெட்டினேன். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் சுழற்சி முறை மின்வெட்டு. அந்த நாட்களில் உலையைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு ஜெனரேட்டர் ஒன்று எடுத்தேன், பாவித்தது, நாலேகால் இலட்சம். உலை கேட்கும் வாட்ஸைவிட நன்றாகக் கூடியதாக எடுக்கவேண்டும், வயரிங் பாஸைக் கொண்டு தனி இணைப்பும் போடவேண்டும். ஜெனரேட்டர் வாங்க வசதியில்லாதவர்கள் இரவு பத்துக்குப் பிறகு சுடத் தொடங்குங்கள், எங்கள் பக்கம் அந்நேரம் கரண்ட் போவது குறைவு. நீளப் பிரிட்ஜை மழைக்காலத்து இடி நேரங்களில் வைக்கவேண்டாம். இன்னொன்று பலருக்குத் தெரியாது: மெஷினுக்கு யூ.பி.எஸ். இருந்தாலும் கொம்பிரசர் அதில் ஓடாது. தாங்கியில் இருக்கும் காற்று சில நிமிடம்தான். அந்த நேரத்துக்குள் வெட்டுவதை முறையாக நிறுத்தி, பர்ரை வெளியே எடுக்கப் பழகுங்கள். காற்று குறைந்தபின் ஸ்பிண்டில் சுற்றினால் தூள் உள்ளே போகும்.

பல்லின் நிறம் வர வண்ணத் திரவத்தில் தோய்த்த வேலையை நன்றாகக் காயவைக்காமல் உலையில் வைக்கக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் எங்கள் ஒக்டோபர், நவம்பர் மழையில் மேசையில் வைத்துக் காய்ந்துவிட்டது என்று நம்பவேண்டாம். மேல் காய்ந்திருக்கும், தடித்த பிரிட்ஜின் உள்ளே ஈரம் இருக்கும், சுடும்போது பிரிட்ஜ் வெடிக்கும். காயவைக்கும் விளக்கு ஒன்றை வாங்கி அதன் கீழ் வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள்.

தூளைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் காசு போனால் உழைக்கலாம், சுகம் போனால் அப்படியில்லை. சிர்கோனியாத் தூள் மாவைவிட நைஸ். என்னோடு வேலை செய்யும் தங்கச்சி ஒருத்தி மெஷினைத் துப்புரவாக்கும் வேலையைப் பொறுப்பெடுத்திருந்தாள். சில வாரங்களில் அவளுக்கு இருமல் நிற்கவில்லை. காற்றுத் துப்பாக்கியால் ஊதித்தான் துப்புரவாக்கிக்கொண்டிருந்தாள், அறை முழுக்க வெள்ளையாகப் பறக்கும். அன்றிலிருந்து ஊதுவது கிடையாது. நுண்ணிய ஃபில்டர் உள்ள தூசி உறிஞ்சியால் எடுப்போம், ஈரத் துணியால் துடைப்போம், என்95 முகக்கவசம் இல்லாமல் மூடியைத் திறப்பதில்லை. சாதாரண வீட்டுத் தூசி உறிஞ்சி ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் அதே தூளைத் துப்பும். அவளுக்கு இப்போது சுகம். அவளின் அம்மா லாப்புக்கு வந்து, "என்ன தம்பி, பிள்ளைக்கு இப்படி இருமுது?" என்று கேட்ட அன்று எனக்கு வந்த பயம் பிரிட்ஜ் ஆடியபோதுகூட வரவில்லை.

இப்போது தனிக் கிரவுணும் மூன்று யூனிட் பிரிட்ஜும் என் லாப்பிலேயே வெட்டிச் சுடுகிறேன், நன்றாகப் போகிறது. அதற்கு மேல் நீளமானவை இன்னும் மில்லிங் சென்டருக்குத்தான் போகின்றன. மாதத்தில் நூறு யூனிட்டுக்குக் கீழே இருக்கும் லாப் சொந்தமாக எடுப்பது கட்டுப்படியாகாது என்பது என் அபிப்பிராயம். லீசிங், பர், டிஸ்க் வீண், உரிமப் புதுப்பிப்பு, கரண்ட் பில் எல்லாம் போட்டுப் பாருங்கள். அப்படியும் எடுக்கப்போகிறீர்கள் என்றால், விற்பவர் வெட்டிக் காட்டும்போது கிரவுண் வேண்டாம், 20 மில்லிமீற்றர் கட்டை வெட்டச் சொல்லுங்கள். அதே உலையில் வளையத்தோடு சேர்த்துச் சுடச் சொல்லி, மறுநாள் காலை வேர்னியரோடு போங்கள். முற்பணம் அதற்குப் பிறகுதான். உரிமம் உங்கள் பெயருக்கு மாறும் என்றும், நிறுவியபின் குறைந்தது மூன்று மாதம் வந்து பார்ப்பேன் என்றும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள், மீதிக் காசில் ஒரு பகுதியை அந்த மூன்று மாதம் முடியும்வரை கையில் வைத்திருங்கள். இதற்கு ஒப்புக்கொள்ளாதவரிடம் வாங்கவேண்டாம், கொழும்பில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.